இரட்டிக்கும் பானை

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போகும் வாடகை மாட்டுவண்டியில் எனக்கு எதிரே இரண்டு சம்சாரிகள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"நான் சோதிக்காம நம்பலை மச்சான்," என்றார் சுந்தரபாண்டியத்துக்காரர். "முதல்ல ஒரு மோதிரத்தைத்தான் சாமியாருட்ட குடுத்தேன். பானைக்குள்ள போட்டு மந்திரிச்சாரு. ரெண்டா வந்துச்சு. பொறவுதான் வீட்டு நகை அம்புட்டையும் குடுத்தேன்."

"இப்ப நகை எங்க மாப்ளே?"

"பானையிலதான். வாயைக் கட்டி அடுப்படியில புதைச்சிட்டுப் போயிருக்காரு. ஒரு மண்டலம் தொறக்கக் கூடாது. உங்க தங்கச்சி தெனமும் அதுமேல பால் ஊத்துதா."

தேவதானத்து மச்சான் வண்டி குலுங்கச் சிரித்தார்.

"கூறுகெட்ட மாப்ளே! பானைக்குள்ள கல்லுதான் கெடக்கும். எங்க ஊருக்கு வந்தவரு அசல் சாமியாரு. பானை, பாலுன்னு ஒரு வித்தையும் காட்டலை. எங்க நகையை இரட்டிச்சுக் கொண்டார நேரே காசிக்கே எடுத்துட்டுப் போயிருக்காரு!"