பத்து நாளில் நாகப்பட்டணம்

தனலெட்சுமி: பத்தே நாள்ல நாகப்பட்டணம் போயிட்டுத் திரும்பியும் வந்துட்டீங்க?

பக்கிரிசாமி: ஏரோப்ளேன்ல போனா அவ்வளவுதான் லா.

தனலெட்சுமி: கப்பல்ல போகவே ஆறு நாள் ஆவுமே...

பக்கிரிசாமி: அது தண்ணி. இது ஆகாசம்.

தனலெட்சுமி: சரி. எந்த வழியா?

பக்கிரிசாமி: இங்க வடக்க அலோர் ஸ்டார்ல ஏறுனேன். பேங்காக்கு, ரங்கூன்... ரெண்டாம் நாள் கல்கத்தா. ஆயிரத்து ஐநூறு மைலு. அங்கேருந்து ரயிலு.

தனலெட்சுமி: ரயில்வே பட்டறையில இரும்பு அடிக்கிற ஆள, தொரமாருங்க பக்கத்துல யாரு உக்கார வச்சா?

பக்கிரிசாமி: பக்கத்துல எங்க? தபால் பை மேலதான் உக்காந்தேன்.

தனலெட்சுமி: மேல போனா காது அடைக்கும்னு சொல்றாங்களே.

பக்கிரிசாமி: ரெண்டு காதும். இப்பகூட நீ பேசுறதுல பாதிதான் கேக்குது.

தனலெட்சுமி: அப்ப சத்தமாவே கேக்குறேன். நாளைக்கு வேலாயுதம் அண்ணன் வீட்லேருந்து வெத்தல பாக்கு மாத்த வராங்க. நம்ம பொண்ணு சந்திரகலா பொறந்தப்பவே உங்க அக்கா மகனுக்குன்னு பேசி வச்சது உங்கம்மா. அவங்க விட்டுக் குடுக்காம நான் தாம்பாளத்தத் தொட மாட்டேன்.

பக்கிரிசாமி: அதான் விட்டுக் குடுத்துட்டாங்களே.

தனலெட்சுமி: என்ன சொல்லி?

பக்கிரிசாமி: புள்ளைக்குப் புடிச்ச எடத்துல குடுன்னாங்க. கண்ணு கூட கலங்கிருச்சு...

தனலெட்சுமி: வீட்லதான் இருந்தாங்களா?

பக்கிரிசாமி: வேற எங்க போவாங்க, இந்த வயசுல?

தனலெட்சுமி: ம்... காலைல, இங்க பக்கத்துல ரவாங்லேருந்து உங்க கூட்டாளி கன்னையா அண்ணன் வந்தாரு.

பக்கிரிசாமி: அவன் எதுக்கு...

தனலெட்சுமி: உங்க கொடைய அவரு வீட்ல விட்டுட்டு வந்துட்டீங்களாம். பத்து நாளும் மழையாமே அங்க.

பக்கிரிசாமி: என்ன மழ? சரியாக் கேக்கல.

தனலெட்சுமி: காது அடைக்குதா?

பக்கிரிசாமி: இல்ல. துறைமுகம் வரைக்கும் போனேன், தனலெட்சுமி. டிக்கெட்டு வரிசையில கூட நின்னேன். அம்மா முடியாதுன்னுட்டா திரும்பி வந்து அந்தப் புள்ள மூஞ்சிய எப்படிப் பாக்குறது? பயந்துட்டேன். கேக்காமலே இருந்துட்டா முடியாதுன்னு சொல்ல ஆள் இல்லல்ல...

தனலெட்சுமி: எனக்கும் பயந்தான். நீங்க கேக்க மாட்டீங்கன்னுதான் ரெண்டு மாசத்துக்கு முன்னாடியே கடுதாசி போட்டேன்.

பக்கிரிசாமி: அம்மாவுக்கா? என்ன பதில் வந்துச்சு?

தனலெட்சுமி: பதில் வரல, ஆளே வந்துட்டாங்க. நீங்க பெட்டியத் தூக்கிட்டுக் கெளம்புன அன்னைக்கு அவங்க நடுக்கடல்ல. ஆறு நாள் கப்பலு, ஏழு நாள் காம்ப்புல நோய் பாக்க வச்சிருந்தாங்க. நேத்து நான்தான் போயிக் கூட்டியாந்தேன். சம்மதமான்னு கேட்டேன். பன்னெண்டு வருஷமா வராத மகன் வந்து கேக்கட்டும், அவன்கிட்டதான் சொல்லுவேன்னுட்டாங்க. அடுப்படியிலதான் இருக்காங்க, நீங்க சொன்னது எல்லாம் கேட்டுக்கிட்டு... பத்தடிதான். போயி கேளுங்க.