படம் ஆடுகிறது

"ஹலோ... அக்கா, நான்தான். வைக்காத, வைக்காத, ஒரு நிமிஷம்... தெரியும், நீ லேப்ல இருப்பேன்னு தெரியும். அதான் சாப்பாட்டு வேளையா பாத்துப் பண்றேன்... ஆங், நான் சாப்டேன், சாப்டேன்."

எங்கே சாப்பிட்டான்? டிபன் டப்பா மூடி திறக்காமல் மேசையில் அப்படியே கிடந்தது. தம்பிக்காரன் உட்கார்ந்திருந்தது அலுவலகத்தின் சோதனை அறையில். ஜன்னலுக்குக் கறுப்புத் திரை, சுவரில் கலர் கட்டங்கள் அச்சடித்த பெரிய அட்டை, மூலையில் கால்களை மடக்கிச் சாய்த்த ஸ்டாண்டுகள். வீட்டுச் சாமான்களை அலசி மார்க் போடும் ஒரு பத்திரிகையில் வீடியோ கேமராக்கள் இவன் பொறுப்பு. 'மார்க் வாத்தியார்' என்று கூட வேலை செய்கிறவர்கள் கூப்பிடுவார்கள். ஒரு கேமராவைப் பிடிக்கவில்லை என்றால் கிழிகிழியென்று கிழித்துவிடுவான். அப்படி வாய் ஓயாதவனுக்குச் சொந்த அக்காவிடம் பேச இன்றைக்கு நாக்கு எழவில்லை.

"இல்ல... ஒண்ணுமில்ல... ஒண்ணுமில்லேன்னா ஒண்ணுமில்லக்கா. கேமராவப் பத்திதான்... ஆமா, கடைசியா நீ படம் புடிச்சியே, அந்தக் குட்டி வெள்ளக் கேமரா... ஐய, நீ எங்க உடைச்ச? யாரு சொன்னா?... கீழ போட்டியா? எப்போ?... சோபா மேலதான? அதுக்கு ஒண்ணும் ஆகல. நல்லாத்தான் இருக்கு. நல்லா இருக்கறதுதான் இப்பப் பிரச்சினையே."

படம் எப்படி விழுகிறது என்று பார்ப்பதற்கு அட்டை இருக்கிறது, விளக்கு இருக்கிறது, இவன் கண் இருக்கிறது. கையாளச் சுலபமா என்று பார்ப்பதற்கு இவன் கண்டுபிடித்த வழி வேறு. புதுக் கேமராவை அக்கா வீட்டுக்குக் கொண்டுபோய், ஒரு வார்த்தை சொல்லிக்கொடுக்காமல் கையில் திணித்துவிடுவான். அக்கா அடுக்களையை எடுப்பாள், மாடியில் காயும் துணியை எடுப்பாள், எதிர்க் கட்டடத்துக் கடிகாரத்தைக் கிட்டே இழுத்து எடுப்பாள். எந்தப் பொத்தானில் தடுமாறுகிறாளோ அதற்கு மார்க் போச்சு. 'இத எப்படிடா நிறுத்தறது' என்று கேட்டுவிட்டால் அந்தக் கேமராவின் கதை முடிந்தது. பத்திரிகையில் அந்தப் பகுதிக்கு 'அக்கா சோதனை' என்றே தலைப்பு. வாசகர்கள் முதலில் புரட்டுவது அதைத்தான்.

"கம்பெனிக்காரங்க வந்திருந்தாங்கக்கா... ம், காலையில... சண்டை எல்லாம் இல்ல, மரியாதையாத்தான் பேசினாங்க. நான் எழுதியிருந்தேன்ல, கையில புடிச்சா படம் கன்னாபின்னான்னு ஆடுது, ஆட்டத்தத் தடுக்கற வசதி சும்மா பேருக்குத்தான்னு... ஆமா, அதுல மட்டும் பாதி மார்க்குக்குக் கீழ போட்டேன்... அவங்க போன வாரமே அந்தக் கேமராவ வாங்கிட்டுப் போயி, அத ஆட்டிப் பாக்கறதுக்குன்னு ஒரு மெஷின் வச்சிருக்காங்க, அதுல மாட்டிப் பாத்திருக்காங்க. ஒரு பழுதும் இல்ல... ம்... ம்... அது சாதாரணமா நடக்கறப்ப ஆடற ஆட்டத்தத்தான் தடுக்குமாம். நீ எடுத்த படத்தயும் போட்டுப் பாத்தாங்க, இந்த ஆட்டம் வேற மாதிரியாம்."

இப்படிச் சுற்றி வளைப்பது அவனுக்கே எரிச்சலாக இருந்தது. அடுத்தவன் செய்த சாமான் என்றால் முதல் வரியிலேயே குற்றத்தைப் போட்டு உடைப்பவன், இங்கே பூசி மெழுகிக்கொண்டிருந்தான்.

"இல்லக்கா, மன்னிப்பு நீ ஏன் கேக்கற?... வேலைக்கெல்லாம் ஒண்ணும் வராது... கேளு. நான் சொல்றதக் கேளு. அந்தப் பொண்ணு, அவங்க இன்ஜினியர், போறப்ப என்னத் தனியாக் கூப்பிட்டு ஒண்ணு கேட்டா. 'சார், இத எடுத்தவங்களுக்கு உடம்பு நல்லா இருக்கா'ன்னு."

மறுமுனையில் யாரோ நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது.

"அக்கா... இருக்கியா?... சரி, வெளிய வந்து பேசு. நான் காத்திட்டிருக்கேன்."

காத்திருந்தான். எதிரே கணினியில் அக்கா எடுத்த படம் பாதியில் நின்றிருந்தது. காலையிலிருந்து அதையேதான் போட்டுப் போட்டுப் பார்க்கிறான். அதில் இவன் குரலும் பதிந்திருக்கிறது. 'ஆட்டாம புடிக்க மாட்டியா நீ? முழங்கைய ஒடம்போட ஒட்டிக்கோ. சின்னப் புள்ளைக்குச் சொல்ற மாதிரி சொல்லணும் உனக்கு.' அக்கா சிரிக்கிற சத்தமும் இருக்கிறது. அந்தச் சிரிப்பைக் கேட்கிறபோதெல்லாம் அவனுக்கு எழுந்து எங்கேயாவது ஓடிவிடலாம் போலிருந்தது.

"ம், சொல்லு... கேக்குது, கேக்குது... தூக்கம் இல்லேன்னா கை நடுங்குமா? யாரு சொன்னா உனக்கு?... காபி கொறச்சிட்டியா? கொறச்சு நின்னுச்சா?... சும்மா மழுப்பாதக்கா. நான் பழசெல்லாம் எடுத்துப் பாத்துட்டேன். அதுக்கு முந்தின கேமராவுலயும் இருக்கு. அதுக்கும் முந்தினதுல லேசா இருக்கு. ஒண்ணுக்கு ஒண்ணு அதிகமாகுது. நான் என்ன பண்ணியிருக்கேன் தெரியுமா? ஒவ்வொரு கேமராவுக்கும் மார்க்கக் கொறச்சிட்டே வந்திருக்கேன். இப்ப வர்ற கேமரால்லாம் மட்டம்னு தலையங்கம் வேற எழுதினேன், புத்திசாலி மாதிரி."

அக்கா அங்கே சிரித்திருக்க வேண்டும். இவனுக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

"சிரிக்காத... இல்ல, சிரிக்கற விஷயம் இல்ல இது. மேஜ மேல கேமராவ வச்சிட்டு எடுத்தியே, அந்தத் துண்டுல படம் ஆடவே இல்ல. நீ ஒரு கண்ணாடி டம்ளர எடுக்கற. உன் கை மட்டும் வருது. அதுல தண்ணி எப்படித் தளும்புது தெரியுமா? அத நிறுத்தி நிறுத்திப் பாத்திருக்கேன் நான். பாத்துட்டு என்ன எழுதினேன்னு படிக்கட்டுமா?... வேண்டாமா? கேளு. 'டம்ளரில் தண்ணீரின் மெல்லிய அசைவைக்கூட இந்தக் கேமரா துல்லியமாகக் காட்டுகிறது.' படத் தரத்துக்கு ஒம்போது மார்க்."

தண்ணீரைப் பார்த்தவன், தண்ணீர் ஏன் அசைகிறது என்று பார்க்கவில்லை. டம்ளர் விளிம்பில் வெளிச்சம் எப்படி விழுகிறது, சிவப்பு சிவப்பாகத் தெரிகிறதா, நிழலில் புள்ளி தட்டுகிறதா என்றுதான் மூக்கை நுழைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். சின்ன வயதில் இவனுக்குத் தலை வாரிவிட்ட கை அது. வெட்கங்கெட்ட கண் என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டான்.

"லேப்ல எப்படிச் சமாளிக்கற?... ஊசி போடறப்பக்கா. ரத்தம் எடுக்கறப்ப... என்னது?... ஊசியே போடறதில்லையா? எப்பலேர்ந்து?... ஐயையோ. நீயாவா வேற வேல கேட்டு வாங்கிட்ட, இல்ல அவங்களா மாத்தினாங்களா?"

இது அவனுக்குப் புதுச் செய்தி. அக்கா வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை லேப்பில் அவளுக்கு 'கொசு அக்கா' என்று பெயர். ஊசி இறங்கினது கொசு கடித்த மாதிரிகூட இருக்காது என்று, ஊசிக்குப் பயந்தவர்கள் எல்லாம் அவள் வருகிற நேரம் கேட்டு வருவார்கள். அந்தப் பெயரில் அவளுக்குக் கொள்ளைப் பெருமை. அதை அவளே விட்டுக் கொடுத்திருக்கிறாள்.

"ம்... ம்... கொழந்தைக்கா?... ரெண்டாவது தடவையும் ஊசி தவறிடுச்சா... அழுதுச்சா... அதோட நிறுத்திட்ட. சரி... சரிக்கா. நல்லதுதான் பண்ணின. இப்ப உக்காந்து சீட்டு எழுதறியா?... டைப் அடிக்கறியா. அதுவும் ஒரு விரல்லயா... மாமாவுக்குத் தெரியுமா?"

தெரியாது. அவள் பேச்சை மாற்றப் பார்த்ததிலேயே புரிந்துபோயிற்று.

"இல்ல, நான் சொல்ல மாட்டேன். சத்தியமா சொல்ல மாட்டேன். நீதான் சொல்லணும்... பயப்படுவாருன்னா பயப்படட்டும், அவரு பயப்படாம வேற யாரு பயப்படறது? நானும்தான் பயந்து போயிருக்கேன்... நரம்பு டாக்டர். ஆமா. எனக்குத் தெரிஞ்சவரு இல்ல, ஆனா கேட்டு வச்சிருக்கேன்... நாளைக்கே. நாளைக்கு வர்றேன், கூட்டிட்டுப் போறேன்... லீவு போடு. நான் போடல? நீயும் போடு... அக்கா, என்ன வியாதின்னு நீயா ஒரு பேரு வச்சிட்டு உக்காந்திருக்காத. லேப்ல இருக்கேன்னா நீ டாக்டரா?... சரி, பெரியவதான், ஒத்துக்கறேன். வர்றியா இல்லையா, அத மட்டும் சொல்லு... ம். ம். சாயங்காலம் கேட்டா மாத்திப் பேசக் கூடாது."

ஒரு வழியாகச் சம்மதம் வாங்கிவிட்டான். நெற்றியைத் துடைத்துக்கொண்டான். ஆனால் அக்கா உடனே பேச்சைக் கேமராவுக்கே திருப்பிவிட்டாள்.

"அதுவா? மறுப்புப் போட்டாகணும். அடுத்த இதழ்லயே. கேமரா மேல தப்பில்லன்னு எழுதிடுவேன்... உன்ன இழுப்பேனா? சோதனை பண்ணின எடத்துல தப்பு நடந்துடுச்சு, பொறுப்பு என்னுதுன்னு எழுதறேன். பொய்யா அது?... சிரிப்பாங்கதான். சிரிக்கட்டுமே. இத்தன நாள் நான் எத்தன பேரச் சிரிக்க வச்சிருக்கேன்."

இதோடு வைத்திருக்கலாம். சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று, சம்மதமும் வாங்கியாயிற்று. ஆனாலும் காலையிலிருந்து உள்ளே ஒன்று அரித்துக்கொண்டே இருந்தது. அதைக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அக்கா, ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காத. கை இப்படி ஆடுதுன்னு உனக்குத்தான் தெரியும்ல. வேற ஆளப் பாருடான்னு சொல்லியிருக்கலாமே. எனக்கு நேரமில்ல, கண்ணு வலிக்குது, எதையாவது சொல்லித் தட்டிக் கழிச்சிருக்கலாம். ஊசியவே விட்டவ, இத மட்டும் ஏன் ஒவ்வொரு தடவையும் கேட்டு வாங்கிப் புடிச்ச?"

"..."

"சொல்லுக்கா... இல்ல, கேக்கல, சத்தமா சொல்லு."

"..."

"நான் பாத்துடுவேன்னா?"

அவன் குரல் இறங்கிப்போயிற்று. நாற்காலியை விட்டு எழுந்தான். எதற்கு எழுந்தான் என்று தெரியாமல் அப்படியே நின்றான்.

"ம்... வாயால சொல்ல வரல. ம்... யாருகிட்டயும் வரல... நான்தான் எல்லாத்தையும் உன்னிப்பா பாக்கறவனாச்சேன்னு... ம்... படத்துல பாத்தா நானே கேப்பேன்னு நெனச்ச. கை ஆடின மொத கேமராலேர்ந்தே... ம்... ஒவ்வொரு தடவையும் படத்தக் கொண்டு போனப்புறம் போன் வரும்னு பாத்துட்டே இருந்தியா?"

"..."

"போன் பண்ணினேன்ல... ஆமா. பண்ணினேன். பொத்தான் சின்னதா இருந்துச்சா, திரை வெயில்ல தெரிஞ்சுதான்னு கேட்டேன்."

"..."

"நான் கேமராவப் பாத்துட்டிருந்தேன்க்கா. கேமராவத்தான் பாத்துட்டிருந்தேன்... யாரு கூப்பிடறாங்க உன்ன?... இரு, வைக்காத, ஒரு நிமிஷம்... அக்கா... ஹலோ?... அக்கா?"

வைத்துவிட்டாள்.