முப்பத்தோராம் பக்கத்து இலை

இந்த வாசகர் வட்டத்தின் ஆண்டுக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கி, தீர்மானத் தாளைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துப் புன்னகைக்கிற பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, வயதாலும் வாசிப்பாலும் உயர்ந்து முன்வரிசையை நிறைத்திருக்கிற பெரியோர்களே, அடுப்பை அணைத்து, அரை மணி நேரத்தில் வந்துவிடுகிறேன் என்று வீட்டில் பொய் சொல்லிவிட்டு வந்திருக்கிற தாய்மார்களே, நாற்காலி கிடைக்காமல் சுவரோடு சாய்ந்து நிற்கிற தம்பிகளே, தங்கைகளே, தவணை தாண்டிய புத்தகத்தை வீட்டில் வைத்துக்கொண்டு என் கண்ணில் படாமல் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிற அன்பர்களே, அனைவரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

என்னை உங்களுக்குத் தெரியும். பதினேழு ஆண்டுகளாக இந்த நூலகத்தின் வாசல் மேசையில் உட்கார்ந்து, உங்கள் புத்தகங்களில் தேதி முத்திரை குத்துகிறவள் நான். மேடையில் ஏறிப் பழக்கமில்லை. இன்று ஏறியிருக்கிறேன் என்றால், அந்தத் தாளில் இருக்கும் தீர்மானம்தான் காரணம். காதல் நாவல்கள் இருக்கிற அலமாரியைக் காலி செய்து, நானூறு புத்தகங்களையும் கிடங்குக்கு அனுப்பவேண்டும் என்கிறது அது. காரணமும் எழுதியிருக்கிறது. "எல்லாம் ஒரே கதை. முதல் அத்தியாயத்தில் சந்திக்கிறார்கள், கடைசி அத்தியாயத்தில் சேர்கிறார்கள்."

உண்மைதான், ஐயா. நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். சந்திப்பு, சண்டை, சமாதானம், சம்மதம். இதைப் படிக்க ஓர் ஆளா, இதை அடுக்க ஓர் அலமாரியா என்று நானே சலித்துக்கொண்டிருக்கிறேன். பதினேழு ஆண்டில் அந்த அலமாரியிலிருந்து ஒரு புத்தகம் கூட நான் வீட்டுக்குக் கொண்டுபோனதில்லை. அங்கே யாரோ சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அந்த அகம்பாவம் எனக்கு எப்படி உடைந்தது என்பதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

காதல் நாவல் வாசகர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வாரம் மூன்று, வாரம் நான்கு என்று படிக்கிறவர்களுக்கு எதைப் படித்தோம், எதைப் படிக்கவில்லை என்பது மறந்துவிடும். அட்டையைப் பார்த்தால் எல்லாவற்றிலும் ஒருத்தி ஜன்னலோரம் நிற்கிறாள். அதனால் படித்து முடித்ததும், தனக்கென்று வைத்துக்கொண்ட ஒரு பக்கத்தில், பென்சிலால் சின்னதாக ஒரு குறி போட்டுவிடுவார்கள். ஒருவர் புள்ளி வைப்பார். ஒருவர் பூ வரைவார். அடுத்த முறை எடுக்கும்போது அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தால் போதும். இது விதிப்படி குற்றம். தலைவர் அவர்களே, உங்கள் வீட்டு அம்மா போடுகிற குறி எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதை இந்தச் சபையில் நான் சொல்லப்போவதில்லை. தண்ணீர் குடியுங்கள், ஐயா.

சென்ற ஆண்டு மேலிடத்திலிருந்து ஆய்வுக்கு வருவதாகக் கடிதம் வந்தது. எனக்கு வந்ததே ஒரு வேகம்! நான்கு ரப்பர் வாங்கினேன். ஒன்பது நாள் உட்கார்ந்தேன். நானூறு புத்தகங்களையும் பக்கம் பக்கமாகப் புரட்டி, புள்ளியை அழித்தேன், பூவை அழித்தேன், வட்டத்தை அழித்தேன். ஆய்வுக்கு வந்தவர் அலமாரிப் பக்கமே போகவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த சனிக்கிழமை காலையில் ஒருவர் வந்தார். லிஃப்ட் மெக்கானிக். ஐம்பத்தைந்து வயது இருக்கும், நகக்கண்ணில் எப்போதும் கிரீஸ் கறை. மனைவியை இழந்து ஓராண்டு ஆகியிருந்தது. சில மாதங்களாக அந்த அலமாரியிலிருந்து வாரம் மூன்று நான்கு புத்தகம் எடுத்துப்போவார். ஆண்பிள்ளை காதல் நாவல் படிக்கிறாரே என்று நான் உள்ளுக்குள் நகைத்ததுண்டு. அன்று ஒரு புத்தகத்தை எடுத்து நடுவில் புரட்டினார். வைத்தார். இன்னொன்றை எடுத்தார். வைத்தார். பத்து, பதினைந்து, இருபது புத்தகம் ஆயிற்று. அப்புறம் என் மேசைக்கு வந்து கேட்டார்.

"மேடம், முப்பத்தோராம் பக்கத்துல பென்சில்ல ஒரு சின்ன இலை இருக்கும். இப்ப ஒண்ணுலயும் காணோமே?"

"எல்லாத்தையும் சுத்தம் பண்ணிட்டேன் சார்" என்றேன், பெருமையாக.

"அது என் வீட்டுக்காரி போட்ட இலை, மேடம். இருபது வருஷமா இங்க வந்து படிச்சா. அவ என்ன படிக்கிறான்னு நான் ஒரு நாள் கூடக் கேட்டதில்ல. இப்பதான் இலையைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொண்ணா படிச்சிட்டு வர்றேன்." என் மேசைமேல் இருந்த ரப்பரைப் பார்த்தார். "பரவால்ல. உங்க வேலையைத்தானே செஞ்சீங்க."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன், தாய்மார்களே. பரவாயில்லை என்றாரே, அதைத்தான் தாங்க முடியவில்லை. ஒரு மனுஷி இந்த மண்ணில் விட்டுப்போன சுவடு எத்தனை? அதை அவள் கணவன் கண்டுபிடித்துக் கண்டுபிடித்துப் போய்க்கொண்டிருந்த வழியை, ஒரு ரப்பரை வைத்து ஒன்பது நாளில் துடைத்தவள் நான். அன்று மேசைக்கு அடியில் குனிந்து அழுதேன். சொல்ல வெட்கமில்லை.

அப்போது வரிசையில் அவருக்குப் பின்னால் நின்றிருந்த ஓர் அம்மா முன்னால் வந்தார். மருத்துவமனைச் சலவைப் பிரிவில் மேற்பார்வை பார்க்கிறவர். எந்தப் போர்வை எந்த வார்டுக்கு என்பதைச் சீட்டில்லாமலே சொல்லக்கூடிய தலை அது. புருஷன் பதினான்கு வருஷத்துக்கு முன்னால் விவாகரத்து வாங்கிக்கொண்டு போய்விட்டான். ஒற்றை மகளைப் படிக்கவைத்துக் கட்டிக்கொடுத்துவிட்டு, இப்போது வீட்டில் தனி ஆள். அவர் மெக்கானிக்கிடம் சொன்னார்.

"அந்த இலை இருக்கிற புஸ்தகத்தைத் தேடித்தான் சார் நானும் எடுப்பேன். இலைக்காரங்க படிச்சிருந்தா நல்லாருக்கும்னு ஒரு நம்பிக்கை. இலைக்குப் பக்கத்துல நான் ஒரு வட்டம் போடுவேன். எதெதுல இலை இருந்துச்சுன்னு எனக்கு ஞாபகம் இருக்கு. நான் எடுத்துத் தரேன்."

இரண்டு பெண்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. முப்பத்தோராம் பக்கத்தில் பல ஆண்டுகள் பக்கத்துப் பக்கத்தில் இருந்திருக்கிறார்கள். நான் இரண்டையும் சேர்த்து அழித்திருக்கிறேன்.

அன்றிலிருந்து சனிக்கிழமை தோறும் பத்து மணிக்கு மெக்கானிக் வருவார், அந்த அம்மா வருவார். இவர் மூன்று நான்கு புத்தகம் எடுத்துக் கொடுப்பார். போன வாரப் புத்தகங்களைப் பற்றி ஜன்னலோர மேசையில் பேச்சு நடக்கும். "அந்தப் பொண்ணு அவனை அவ்வளவு சீக்கிரம் மன்னிச்சிருக்கக் கூடாது" என்பார் இவர். "ரிப்பேர் ஆனதைத் திறந்து பார்க்காம எப்படிங்க தூக்கிப் போடுறது" என்பார் அவர். முதலில் ஐந்து நிமிடம். பிறகு அரை மணி. பிறகு, சத்தம் போடாதீர்கள் என்று நான் பலகையைத் தட்டிக் காட்டும் அளவுக்கு.

ஐந்து மாதம் இப்படிப் போயிற்று. ஒரு நாள் கால்நடை வளர்ப்பு அலமாரியைத் தூசி தட்டினேன். கறவை மாடு பற்றிய இரண்டு தடித்த புத்தகங்களுக்குப் பின்னால் ஒரு காதல் நாவல் பதுங்கியிருந்தது. எங்கள் வேலையில் இது தெரிந்த தில்லுமுல்லுதான். வேறு யாருக்கும் கிடைக்கக் கூடாது என்று நினைக்கிற வாசகர், புத்தகத்தை யாரும் போகாத அலமாரியில் ஒளித்துவைப்பார். தூணுக்குப் பின்னால் இருப்பவர்கள் ஏன் தலை குனிகிறீர்கள்?

திரும்பிப் பார்த்தால் சலவைப் பிரிவு அம்மா நிற்கிறார். முகம் வெளிறிவிட்டது.

"நான்தான் ஒளிச்சு வெச்சேன், அக்கா. இலை போட்டதுல இது ஒண்ணுதான் பாக்கி. மூணு வாரமா ஞாபகம் வரலைன்னு பொய் சொல்லிட்டு வேற எதையோ கொடுத்துக்கிட்டு இருக்கேன். இதைக் கொடுத்துட்டா அவர் எதுக்கு வரப்போறார்?" சரிந்த மாட்டுப் புத்தகங்களை நேராக நிறுத்தினார். "செத்துப்போனவங்க சொத்து இது. அதைப் போய் ஒளிச்சு வெச்சிருக்கேன் பாருங்க. பேரன் பேத்தி எடுக்கிற வயசுல எனக்கு ஏன் இந்தப் புத்தி?"

அவரே அந்தப் புத்தகத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். சனிக்கிழமை அவரே கொண்டுபோய் ஜன்னலோர மேசையில் வைத்தார்.

"இதுதான் கடைசி, சார். மூணு வாரமா நான்தான் மறைச்சு வெச்சிருந்தேன். மன்னிச்சிருங்க."

நான் முத்திரையைக் கையில் பிடித்தபடி குத்தாமல் நிற்கிறேன். மெக்கானிக் அட்டையைத் துடைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"அவ கடைசியாப் படிச்சது இதுதான்னு எனக்கு முதல் நாள்லயே தெரியும்ங்க. அவளுக்கு நடக்க முடியாமப் போனப்ப, இதை இங்கேருந்து எடுத்துட்டுப் போய்க் கொடுத்ததே நான்தான். நீங்க எடுத்துத் தராத வரைக்கும் நல்லதுன்னு நானும் கேட்காம இருந்தேன்."

சபையோரே, இருவரும் ஒரே புத்தகத்தை ஒளித்திருக்கிறார்கள். ஒருவர் மாட்டுப் புத்தகத்துக்குப் பின்னால், ஒருவர் மனசுக்குள்ளே.

அவர் அந்த நாவலைக் கொண்டுபோனார். அடுத்த சனிக்கிழமை வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் வரவில்லை. அந்த அம்மா மட்டும் பத்து மணிக்கு வந்து உட்கார்ந்து, ஒரு பக்கத்தைக் கூடப் புரட்டாமல் எழுந்து போனார். மூன்றாவது சனிக்கிழமை கதவு திறந்தது. மெக்கானிக் புத்தகத்தை என்னிடம் ஒப்படைத்துவிட்டு நேராக ஜன்னலோரம் போனார்.

"அவ படிச்சதெல்லாம் முடிஞ்சுதுங்க. இனிமே உங்களுக்குப் பிடிச்சது ஏதாவது கொடுங்க."

அந்த அம்மா எழுந்து போனார். ஒரு புத்தகத்தை எடுத்துவந்தார்.

அந்த வாரம்தான் முதன்முதலாக நானும் ஒரு காதல் நாவலை வீட்டுக்குக் கொண்டுபோனேன். முடிவு முதல் பக்கத்திலேயே தெரிந்துவிட்டது. தெரிந்தும் கீழே வைக்க முடியவில்லை. ஏன்? முடிவு தெரிந்த கதையை இத்தனை பேர் ஏன் மறுபடி மறுபடி எடுக்கிறார்கள்? என் மேசையில் நின்று கேட்டுப் பாருங்கள். கைவிடப்பட்டவள் எடுக்கிறாள். கணவனைப் பறிகொடுத்தவள் எடுக்கிறாள். நாற்பது வயதாகியும் நல்ல வார்த்தை கேட்காதவன் எடுக்கிறான். சேர்வார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். தொடங்கலாமா என்பதுதான் தெரியாது. எனக்கும் ஒரு கதவு திறக்குமா, இந்த வயதில் திறக்குமா, இத்தனை அடி வாங்கிய பிறகும் திறக்குமா? இதை யாரிடம் கேட்பது? பெற்ற பிள்ளையிடம் கேட்க முடியுமா? பக்கத்து வீட்டில் கேட்க முடியுமா? அந்த அலமாரியிடம் கேட்கலாம். அது நானூறு தடவை, சலிக்காமல், சந்தேகப்படாமல், சிரிக்காமல், திறக்கும் என்று சொல்லும். ஒரே கதை என்கிறீர்களே ஐயா, ஒரே ஆறுதலை நமக்கு எத்தனை முறை சொல்லவேண்டியிருக்கிறது!

அந்த அம்மா தனக்குப் பிடித்ததென்று எடுத்துக் கொடுத்த புத்தகத்தை மெக்கானிக் திருப்பித் தந்த அன்று, என் மேசைக்கு முன்னால் தயங்கி நின்றார். "மேடம், ஒரு பென்சில் கிடைக்குமா? விதிப்படி தப்புன்னு தெரியும்." நானே கூராக்கிக் கொடுத்தேன். முப்பத்தோராம் பக்கத்தைத் திறந்தார். அந்த அம்மாவின் வட்டம் புதிதாக இருந்தது. அதன் பக்கத்தில் ஒரு சின்னச் சதுரம் வரைந்து, நடுவில் ஒரு கோடு இழுத்தார். லிஃப்ட் கதவு. அவர் வேறென்ன வரைவார்?

அவர்கள் இருவரின் அனுமதியோடுதான் இதைச் சொன்னேன். இந்த மண்டபத்தில்தான் இருக்கிறார்கள், திரும்பித் தேடாதீர்கள். அடுத்த மாதம் பதிவாளர் அலுவலகத்தில் கல்யாணம். பயந்து பயந்து மகளிடம் சொன்னபோது, "எனக்கு ஏம்மா இவ்வளவு நாள் சொல்லலை" என்று அவள் கோபித்துக்கொண்டாளாம். சாட்சிக் கையெழுத்துப் போட என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். குறிகளை அழித்தவளை, ஒரு குறி போட அழைத்திருக்கிறார்கள். அந்த மன்னிப்புக்கு நான் எந்தப் பிறவியில் கைம்மாறு செய்வேன்?

தலைவர் அவர்களே, தீர்மானத்தை நீங்கள் வாசிக்கலாம். அதற்கு முன் ஒரே ஒரு வேண்டுகோள். அந்த அலமாரிக்குப் போய், ஏதாவது ஒரு புத்தகத்தை எடுத்து, முப்பத்தோராம் பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். பென்சில் என் மேசையில் இருக்கிறது. ரப்பர் இல்லை.

இத்தனை நேரம் பொறுமையோடு கேட்ட உங்கள் செவிகளுக்கும், நடுவில் கண்ணைத் துடைத்துக்கொண்ட சேலைத் தலைப்புகளுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. சனிக்கிழமை பத்து மணிக்கு நூலகம் திறந்திருக்கும். வணக்கம்.