முறுக்கியாச்சா?

இந்த நாற்காலியின் பின்கால் போல்ட் தளர்ந்திருக்கிறது, ஐயா. உட்கார்ந்ததுமே தெரிந்துவிட்டது. ஒரு ஸ்பானர் கொடுத்தால் ஒரு நிமிட வேலை. கொடுக்க மாட்டீர்கள், புரிகிறது. இருபத்திரண்டு வருடம் மோட்டார்சைக்கிள் பட்டறை நடத்தியவன் கண்ணுக்குத் தளர்ந்த போல்ட் தப்பாது. அதனால்தான் "மறந்துபோய் விட்டுவிட்டாயா?" என்று நீங்கள் கேட்டபோது எனக்குக் கொஞ்சம் வருத்தமாக இருந்தது.

என் தங்கைக்குப் பதினொரு வயதிருக்கும்போது அம்மாவும் அப்பாவும் ஒரே வருடத்தில் போய்விட்டார்கள். அவளை ஆளாக்கியது நான். பட்டறைக்கு மேலே இரண்டு அறை, அதுதான் வீடு. ஒரு போல்ட்டை முறுக்கி முடித்ததும், அதன் தலையிலிருந்து பக்கத்து இரும்பு வரை வெள்ளைப் பெயிண்டில் ஒரு கோடு இழுப்பது எங்கள் வழக்கம். பிறகு போல்ட் துளி நகர்ந்தாலும் கோடு விலகிக் காட்டிக்கொடுத்துவிடும். கோடு போடுவது தங்கையின் வேலை. "முறுக்கியாச்சா?" என்பாள். நான் "முறுக்கியாச்சு" என்றால்தான் பிரஷ் இறங்கும். ஒருநாள்கூட அவள் ஸ்பானர் வைத்துச் சரிபார்த்ததில்லை. என் வாய்ச்சொல் போதும் அவளுக்கு.

அப்புறம் மாப்பிள்ளை வந்தார். கூரியர்காரர். மழை, சேறு பார்க்காமல் ஓட்டி, பிரேக் போல்ட் துருவேறிப்போய் வந்து நின்றார். எண்ணெய் விட்டு ஊறவைத்துவிட்டு, நாளைக்கு வாருங்கள் என்றேன். மனிதர் போகவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு என் தங்கையைச் சிரிக்கவைத்துக்கொண்டிருந்தார். நான் ஒரு போல்ட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நேரத்தில் அவர் என் வீட்டையே கழற்ற ஆரம்பித்துவிட்டார்.

நல்ல மனிதர்தான். குடிக்க மாட்டார், கைநீட்ட மாட்டார். கல்யாணமாகி நான்கு வருடம் மேலே பக்கத்து அறையில்தான் இருந்தார்கள். ஏதாவது குறை அகப்படாதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். ஒன்றும் இல்லை. எனக்கு வயிற்றெரிச்சலே அதுதான். "மச்சான், போல்ட்டுக்குக் காட்டுற பொறுமைல கால்வாசி எங்களுக்குக் காட்டுங்களேன்" என்பார். அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். அதையும் பொறுத்துக்கொண்டேன்.

போன மாதம் அவள் வந்து சொன்னாள். "அண்ணா, அவருக்கு வேற ஊர்ல வேலை கிடைச்சிருக்கு. நாங்க அங்கயே போயிடலாம்னு இருக்கோம்."

நாங்க. பத்தொன்பது வருடமாக எங்கள் வீட்டில் 'நாம' என்ற பேச்சுதான். நாம சாப்பிடலாம், நாம கடையைச் சாத்தலாம். 'நாங்க' என்றால் அதில் நான் இல்லை. அவள் அதை யோசித்துச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். "சரிம்மா" என்றேன்.

அவ்வளவு தூரம் ஓட்டுவதென்றால் முன்சக்கர பேரிங்கை மாற்ற வேண்டும் என்று சொன்னதும் நான்தான். அது பொய்யில்லை. அச்சின் நட்டு துருவேறி அசைய மறுத்தது. இரண்டு நாள் எண்ணெயில் ஊறியது. சுற்றிலும் மெல்லத் தட்டினேன், சூடு காட்டினேன், கழற்றுவதற்கு முன் ஒரு மயிரிழை முறுக்கும் பக்கமே தள்ளிக்கொடுத்தேன். மூன்றாம் நாள் முனகிக்கொண்டே விட்டது. புது பேரிங் போட்டுச் சக்கரத்தை மாட்டினேன். நட்டை விரலால் சுற்றி உட்காரவைத்தேன். ஸ்பானரை எடுத்து, துடைத்து, திரும்ப அதன் ஆணியில் மாட்டிவிட்டேன். தெரிந்துதான் செய்தேன், ஐயா. எழுதிக்கொள்ளுங்கள்.

அவளைச் சாமான்களோடு பஸ்ஸில் அனுப்பலாம், வண்டியில் உட்கார்ந்து போனால் இடுப்பு ஒடிந்துவிடும் என்று பேசிப் பேசிச் சம்மதிக்கவைத்ததும் நான்தான். டிக்கெட்டும் நானே வாங்கினேன். ஈவிரக்கம் இல்லாதவன் என்று சொல்கிறீர்களே, இதையும் சேர்த்து எழுதுங்கள்.

கிளம்பும் அன்று காலையில் பெயிண்ட் டப்பாவோடு கீழே வந்தாள். "கடைசியா ஒரு தடவை நானே போடுறேண்ணா." சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து என்னை நிமிர்ந்து பார்த்தாள். "முறுக்கியாச்சா?"

"முறுக்கியாச்சு" என்றேன்.

கோணாமல் ஒரு கோடு இழுத்தாள். ஈரம் காய வாயால் ஊதினாள். மாப்பிள்ளை ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, "போய்ட்டு வரேன் மச்சான்" என்றார்.

நட்டு கிடைக்கவில்லை, முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கில் பாதிக் கோடு மட்டும் இருக்கிறது என்று போட்டோ காட்டினீர்கள். அந்தக் கோடு நான் போட்டதில்லை. அவள் கை அது. நாற்பதாவது கிலோமீட்டரில், இறக்கத்தில், சக்கரம் விட்டுப்போயிருக்கிறது. அவள் ஏறிய பஸ் அரைமணி கழித்து அதே வழியாகத்தான் வந்திருக்கிறது. கூட்டத்தைப் பார்த்து நிறுத்தியிருக்கிறார்கள். அதை நான் யோசிக்கவில்லை. என் பக்கம் தவறென்றால் அது ஒன்றுதான்.

நேற்று என்னைப் பார்க்க வந்தாள். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, "முறுக்கியாச்சான்னு கேட்டேன்ல?" என்றாள்.

"ஆமாம்மா, கேட்ட."

"நீ என்ன சொன்ன?"

நான் சொன்னதையே திரும்பச் சொன்னேன். அவள் திரும்பிப் போய்விட்டாள்.

போகட்டும். அவள் மனசு இறுகிப்போயிருக்கிறது. இறுகினதோடு எப்படி நடந்துகொள்வதென்று எனக்குத் தெரியும். அவசரப்படக் கூடாது, அவ்வளவுதான். வருவாள். என்னை விட்டால் இப்போது அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?