ஒரு ‘ச்’ விழுந்த இடம்

மேடையில் வீற்றிருக்கும் நம் குடியிருப்பு நலச் சங்கத் தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் என் அக்கா, தபால்காரரின் துணைவியார் அவர்களே, அவர் பெற்ற பிள்ளைகளே, நூற்றிருபது வீடுகளில் ஆள் இருக்கிற வீடுகளிலிருந்து எல்லாம் வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

இந்த இரங்கல் கூட்டத்தில் எனக்கு முன்னால் பேசியவர்கள் தாளைப் பார்த்துப் பேசினார்கள். எனக்குத் தாள் உதவாது. நான் கொத்தனார், கைநாட்டு. ஆனால் காதில் விழுந்த எதுவும் இதுவரை என்னை விட்டுப் போனதில்லை. இரண்டு நிமிடம்தான் என்று செயலாளர் சொன்னதும் காதில் விழுந்தது. அதை மட்டும் இன்றைக்கு மறந்துவிடப் போகிறேன்.

நம் தபால்காரர் முப்பத்தாறு வருடம் அடுத்தவர் வீட்டுப் படி ஏறியவர். ஓய்வு பெற்ற பிறகாவது சும்மா இருந்தாரா? வாசல் பெஞ்சில் உட்கார்ந்து, வீடு வாங்க வருகிறவர்களை எல்லாம் நிறுத்திக் கேட்பார்.

“தம்பி, வீட்டைப் பார்த்தாச்சா?”

“பார்த்தாச்சு ஐயா. நல்ல காத்தோட்டம்.”

“காத்து சரி. சங்கத்து விதிப் புத்தகத்தைப் பார்த்தீங்களா?”

அவர்கள் முழிப்பார்கள். இவர் விடமாட்டார். “கதவுக்கு உள்பக்கம்தான் தம்பி உங்க வீடு. வெளிப்பக்கம் சங்கத்தோடது. எதை மாட்டலாம், எதை வளர்க்கலாம், யாரைக் குடிவைக்கலாம், எல்லாம் அந்தப் புத்தகத்துல இருக்கு. பத்திரத்துல கையெழுத்துப் போட்டதுமே அதுக்கும் தலையாட்டினதா ஆயிடும். அதனால முன்னாடியே கேட்டு வாங்கிப் படிங்க. ரெண்டு வருஷத்துக் கூட்டக் குறிப்பையும் கேளுங்க, எங்கே ஒழுகுது, யாருக்கு யாரை ஆகாதுன்னு தெரிஞ்சுடும். முக்கியமா, ஒரு விதியை மாத்த எத்தனை கை வேணும்னு கேளுங்க.”

செயலாளர் ஒருநாள் அவரைக் கூப்பிட்டு, “வர்றவங்களை எல்லாம் விரட்டுறீங்களாமே?” என்றார். “நான் எங்கே சார் விரட்டுறேன்? புத்தகம் விரட்டினா அதுக்கு நானா பொறுப்பு?” என்றார் தபால்காரர்.

இப்படி ஊருக்கெல்லாம் சொன்ன மனிதரைக் கடைசியில் எது சாய்த்தது? அதே புத்தகம். அதில் நாற்பத்தொன்றாவது விதி.

அந்த விதியைக் கேட்டு வாங்கியவனே நான்தான். சங்கம் தொடங்கிய வருடம், மூன்றாம் மாடி பால்கனியிலிருந்து ஒரு பூந்தொட்டி என் தோளுக்கு ஒரு சாண் தள்ளி விழுந்து நொறுங்கியது. முதல் பொதுக்குழுவில் எழுந்து சத்தம் போட்டேன். உடனே ஒரு விதி எழுதினார்கள். எனக்காகத் தபால்காரர் அதை உரக்கப் படித்தார். “பூந்தொட்டி கைப்பிடிச்சுவரில் வைக்கக் கூடாது.” பால்கனியின் முன்னால் இடுப்பளவு நிற்கிறதே, அந்தக் குட்டைச் சுவர். நாற்பது வருடம் நான் கட்டிய சுவர். அதன் பெயர் எனக்குத் தெரியாதா?

பிறகு புத்தகத்தை அச்சடித்தார்கள். அச்சில் ஒரு ‘ச்’ விழுந்துவிட்டது. நடுவில் ஒரு கமா வந்து உட்கார்ந்துகொண்டது. “பூந்தொட்டி, கைப்பிடி சுவரில் வைக்கக் கூடாது.” ஆயிற்றா? தொட்டியும் வைக்கக் கூடாது, கைப்பிடியும் வைக்கக் கூடாது.

இரண்டாம் பிளாக் படிக்கட்டு உங்களுக்குத் தெரியும். இரண்டு பக்கமும் வழவழவென்று சுவர். பிடிக்க ஒரு கம்பி கிடையாது. பில்டர் வைக்கவில்லை, வாங்கும்போது நாமும் கேட்கவில்லை. அக்காவுக்கு முழங்கால் மடங்காது, வீடோ நான்காம் மாடி, லிஃப்ட் வாரத்துக்கு இரண்டு நாள் படுத்துக்கொள்ளும். தபால்காரர் குழாய் வாங்கி வந்தார். நான் துளை போட்டேன். நான்கு மாடிக்கும் கைப்பிடி வைத்தோம். பதினோரு நாள் இருந்தது. பதினோரு நாளும் எத்தனை பேர் அதைப் பிடித்து இறங்கினீர்கள்? பன்னிரண்டாம் நாள் நாற்பத்தொன்றைக் காட்டி நோட்டீஸ். அன்றே ஆள் விட்டுக் கழற்றினார்கள்.

பொதுக்குழுவில் நான் எழுந்தேன். “அது கைப்பிடிச்சுவருங்க. நடுவுல ஒரு ‘ச்’ இருக்கு. நான் கேட்டேன்.”

செயலாளர் சிரித்துக்கொண்டே, “பெரியவரே, உங்களுக்கு ஆனா ஆவன்னாவே தெரியாது. ‘ச்’சைப் பத்திப் பேச வந்துட்டீங்களா?” என்றார். இந்த மண்டபமே சிரித்தது. யார் யார் சிரித்தீர்கள் என்பதும் எனக்கு நினைவிருக்கிறது.

சிரிக்காதவர் தபால்காரர் ஒருவர்தான். மறுநாளே ஆபீஸுக்குப் போய், முதல் கூட்டத்துக் கையெழுத்துக் குறிப்பைக் கேட்டார். சங்கத்தின் பழைய குறிப்பைப் பார்க்க ஒவ்வொரு வீட்டுக்காரருக்கும் உரிமை உண்டு, அதுவும் புத்தகத்தில் இருக்கிறது. நான்கு முறை போனார். பீரோ சாவி இல்லை என்றார்கள். ஐந்தாம் முறை, சாவி வரும்வரை இருக்கிறேன் என்று சாப்பாட்டு டப்பாவோடு போய் உட்கார்ந்தார். சாவி வந்தது.

அன்று சாயங்காலம் என் வீட்டுக் கதவைத் தட்டினார். “கொத்தனாரே, உங்க காது ஜெயிச்சிருச்சு. ‘ச்’ இருக்கு. மையில, முழுசா இருக்கு.”

அந்தப் பக்கத்தைக் கொண்டுபோய்ச் செயலாளர் மேசையில் வைத்தோம். அவர் பார்த்தார், படித்தார், பிழைதான் என்று ஒப்புக்கொண்டார். ஆனால் என்ன சொன்னார்? அச்சுப் புத்தகம்தான் பதிவானதாம். எழுத்துப் பிழையானாலும் அது விதித் திருத்தமாம். நூற்றிருபதில் எண்பது கை தூக்க வேண்டுமாம். இங்கே நாற்பத்தேழு வீடு பூட்டிக் கிடக்கிறது. மீதி அத்தனை பேரும் இரண்டு கையையும் தூக்கினாலும் எழுபத்து மூன்று பேர்தானே? பூட்டுக்குக் கை உண்டா? “அடுத்த பொதுக்குழுவுல பார்ப்போம்” என்றார்.

அடுத்த பொதுக்குழு வரும் ஞாயிறு. தபால்காரர் போன செவ்வாய் விழுந்தார். லிஃப்ட் நின்ற நாள். அக்காவின் மாத்திரைக்காக இறங்கியவர், மூன்றாம் மாடித் திருப்பத்தில் கால் வழுக்கி உருண்டார். அதோடு போய்விட்டார். நான் போய்ப் பார்த்தேன். நான் போட்ட துளைகளைச் சிமென்ட் வைத்து அடைத்திருக்கிறார்கள். அதற்கு ஒரு சாண் கீழே, சுவர் நெடுக, நான்கு விரல் தேய்த்த தடம். அந்தக் கை எதைத் தேடியது? நலச் சங்கம் என்று போர்டு வைத்திருக்கிறோமே, யாருடைய நலம்?

மாலை வாங்கி வந்திருக்கிறீர்கள். நல்ல மாலை. அதைப் பிடித்துக்கொண்டு யாராவது படி இறங்க முடியுமா?

பிழை என்று தெரிந்த பிறகும் இருபது நாள் சும்மா இருந்ததை நான் விபத்து என்று சொல்லமாட்டேன். தொட்டி விழுந்த அன்று நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்த விதியே வந்திருக்காது. அந்தப் பங்கு என்னுடையது. அதை நான் சுமக்கிறேன். உங்கள் பங்கை நீங்கள் சுமந்துகொள்ளுங்கள்.

வீடு வாங்க வருகிறவர்களே, உங்களில் இரண்டு பேர் பின்னால் நிற்கிறீர்கள், பார்த்தேன். நாளையிலிருந்து அந்த வாசல் பெஞ்சில் நான் இருப்பேன். அவர் கேட்ட அதே கேள்விகளைக் கேட்பேன், ஒரு சொல் மாறாது.

அக்கா, அழாதீர்கள். கழற்றிய குழாய் ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால்தான் கிடக்கிறது. நாளைக் காலை ஒன்பது மணிக்கு டிரில்லிங் மெஷினோடு வருகிறேன். நான்கு மாடிக்கும் கைப்பிடி வைக்கிறேன்.

செயலாளர் அவர்களே, தாராளமாக நோட்டீஸ் அனுப்புங்கள். எனக்குப் படிக்கத் தெரியாது. படித்துச் சொல்ல இருந்த ஒரே மனிதரை உங்கள் படிக்கட்டு கொண்டுபோய்விட்டது.