வாசலில் நின்றவனின் முதல் கையெழுத்து

இக்கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் எங்கள் பங்குத்தந்தை அவர்களே, அவருக்கு ஆறடி தள்ளி அமர்ந்திருக்கும் பங்குப்பேரவைத் துணைத்தலைவர் அவர்களே, நரைத்த தலையும் நிமிர்ந்த நெஞ்சுமாய் வந்திருக்கும் பெரியோர்களே, முகக்கவசத்துக்கு மேலே கண்களாலேயே கேள்வி கேட்கும் தாய்மார்களே, சற்றுமுன் மூன்றாம் வரிசையில் ஒருவர் தும்மியதும் சத்தமில்லாமல் நாற்காலியை நகர்த்திக்கொண்ட என் அன்புச் சகோதரர்களே, அனைவருக்கும் பணிவான வணக்கம்.

கூச்சப்பட வேண்டாம். நானும்தான் பார்த்தேன். தும்மியவர் யாரென்று மனத்துக்குள் குறித்தும் கொண்டேன். சந்தேகம் என் கூடப் பிறந்த குணம்.

தையற்காரன் நான், அளவை நம்பிப் பிழைப்பவன். கொரோனாவுக்காகப் பூட்டிக் கிடந்த கோயில் ஏழு மாதம் கழித்துத் திறந்தபோது, காய்ச்சல் பார்க்கும் கருவியைக் கையில் கொடுத்து என்னை வாசலில் நிறுத்தினீர்கள். பெஞ்சுக்கு மூன்று பேர். தீர்த்தத் தொட்டியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. பாடகர் குழு இல்லை. ஆர்கன் வாசிப்பவர் மட்டும் தனியாகப் பாடினார். நற்கருணை அப்பம் நாவில் இல்லை, கையில். வெளியே எல்லாம் ஒழுங்கு. உள்ளே? உள்ளத்துக்குள்ளே? இருமினால் சந்தேகம், இருமலை அடக்கினால் அதைவிடச் சந்தேகம். வராதவர்மேல் சந்தேகம், வந்தவர்மேல் வண்டி வண்டியாய்ச் சந்தேகம்.

அந்தச் சந்தேகம் அத்தனையும் போய் விழுந்த இடம் ஒரு பெண். மருத்துவமனையில் படுக்கை விரிப்புகளைத் துவைக்கிறவர். சலவை அக்கா என்போம். வந்தார், உள்ளே வரவில்லை. பக்கவாட்டு ஜன்னலுக்கு வெளியே நின்றே பூசை கண்டார். இரண்டு முகக்கவசம். எல்லாரும் போனபின் கடைசியாக நற்கருணை வாங்கினார். ஏன் ஒதுங்குகிறார்? எதை மறைக்கிறார்? நான்தான் முதலில் கேட்டேன். ஒருவரிடம்தான் கேட்டேன். அடுத்த ஞாயிறுக்குள் அது ஊர்க்கேள்வி ஆகிவிட்டது.

மூன்றாம் ஞாயிறு அவரிடமே போனேன்.

"அக்கா, நீங்க கொஞ்ச நாளைக்கு வராம இருந்தா நல்லது. சனங்க பயப்படுறாங்க."

அவர் கோபப்படவில்லை. "நானும் பயந்துதான் வெளிய நிக்கிறேன், தம்பி. ஒண்ணு கேக்கட்டுமா? மூணு வாரமா நீங்க காய்ச்சல் அளவைச் சொல்ற சத்தம் ஜன்னல்ல கேக்குது. வெயில்ல நடந்து வந்தவங்களுக்கும் தொண்ணூத்தேழு, கார்ல வந்தவங்களுக்கும் தொண்ணூத்தேழு. அதெப்படி?"

வீட்டுக்குப் போனேன். கருவியைச் சுவரில் வைத்தேன்: தொண்ணூற்றேழு. ஆவி பறக்கும் தேநீரில் வைத்தேன்: அதே தொண்ணூற்றேழு. மனைவி பார்த்துவிட்டு, "சுவத்துக்குக் காய்ச்சல் இல்லையாம், நிம்மதி" என்றாள்.

சிரியுங்கள், சிரியுங்கள். நான் சிரிக்கவில்லை. மூன்று வாரம் முந்நூறு நெற்றிகளுக்கு நான் கொடுத்த சான்று பொய். அதைப் பங்குச் சாமியாரிடம் சொன்னேனா? இல்லை. உங்களிடம் சொன்னேனா? இல்லை. வெட்கம் வாயை அடைத்தது. நாலாம் ஞாயிறும் அதே கருவியோடு வாசலில் நின்றேன்.

பின்வரிசையில் யாரோ 'போதும்' என்கிறார். பொறுங்கள் ஐயா. கேவலமான இடத்துக்கு நான் இன்னும் வரவில்லை.

அந்த ஞாயிறு காலையில் எனக்குத் தொண்டை எரிந்தது. உடம்பு லேசாகக் கொதித்தது. மனைவி, "போகாதீங்க" என்றாள். "நான் போகலேன்னா என்ன நினைப்பாங்க?" என்றேன். போனேன். ஆர்கன் வாசிப்பவரின் இசைப்பெட்டியை அவரோடு சேர்ந்து தூக்கி வைத்தேன். ஐந்தாம் நாள் அவர் மருத்துவமனையில்.

என்னிடமிருந்து போனதா? தெரியாது. போகவில்லை என்று சொல்லவும் எனக்கு நாக்கு இல்லை. ஆனால் நீங்கள் எல்லாரும் சொன்னீர்கள், சலவை அக்கா கொண்டுவந்ததென்று. கேட்டுக்கொண்டு நின்றேன். தலையாட்டினேன். மருத்துவமனை ஊழியர் எவரும் கோயிலுக்கு வரக்கூடாது என்று பங்குத்தந்தைக்குக் கடிதம் எழுதினீர்கள். முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டேன்.

நேற்று சலவை அக்காவைத் தெருவில் பார்த்தேன். கடிதத்தைப் பற்றி அவருக்குத் தெரியும். அதைப் பேசவில்லை. "ஆர்கன்காரர் நேத்து எழுந்து உக்காந்தாராம் தம்பி. அவர் விரிப்பு இப்பல்லாம் வேர்வையில நனையறதில்ல" என்றார். துவைக்கிறவருக்குத் தெரிகிறது, யார் பிழைக்கிறார் என்று. எனக்கு என்ன தெரிந்தது?

அன்பர்களே, யாரைச் சந்தேகித்தோம்? ஒதுங்கி நின்றவரை. யாரை நம்பினோம்? ஒட்டி நின்ற என்னை. எதை நம்பினோம்? சுவருக்கும் மனிதனுக்கும் வித்தியாசம் தெரியாத ஒரு பெட்டியை. சந்தேகத்தை விடச் சொல்லவில்லை. திசையை மாற்றச் சொல்கிறேன். காலையில் தொண்டை கரகரத்தால் உன்னைச் சந்தேகி. காற்றை உள்ளே விடாத மூடிய ஜன்னலைச் சந்தேகி. 'எனக்கெல்லாம் ஒன்றுமில்லை' என்று சொல்லும் உன் வாயைச் சந்தேகி. காய்ச்சலோடு வந்து முழந்தாளிடுவதைவிட, காய்ச்சலோடு வீட்டில் கிடந்து செபிப்பது ஆண்டவருக்கு அருகில் இருப்பது.

இதோ அந்தக் கடிதம். என் பெயரை உங்கள் கண்முன்னே அடிக்கிறேன். அடித்துவிட்டேன். கீழே இன்னும் நாற்பது பெயர்கள் இருக்கின்றன. பேனாவை மேசைமேல் வைத்துவிட்டு இறங்குகிறேன்.

பேசவிட்ட பங்குத்தந்தைக்கும், எழுந்து போகாமல் கேட்ட உங்களுக்கும் நன்றி. ஆண்டவரின் அமைதி உங்கள் வீடுகளில் தங்கட்டும். வணக்கம்.