இரண்டு காற்புள்ளி ஏழு

காலையில் எழுந்ததும் குக்கரில் ஒரு ஆளுக்கு அரிசி போடுகிறேன். அவ்வளவு கொஞ்சம் போட்டால் அந்தக் குக்கர் சரியாக வேலை செய்வதில்லை, அடியில் பிடித்துக்கொள்கிறது. சோறு வேகும் நேரத்தில் குளித்து, சட்டையைத் தேய்த்து, முற்றத்தில் படிந்திருக்கும் சாம்பல் தூசியைக் கூட்டித் தள்ளுகிறேன். வாசல் கம்பியில் யாராவது சாப்பாட்டுப் பொட்டலம் மாட்டிவிட்டுப் போயிருப்பார்கள். பெரும்பாலும் பாக் ஜுமேனோவின் மனைவி. அவர் கணவரும் அன்றைக்கு ஆற்றில்தான் இருந்தார். பொட்டலத்தை எடுத்து உள்ளே வைத்துவிட்டு அலுவலகத்துக்குக் கிளம்புகிறேன்.

நீங்கள் கேட்டதால் சொல்கிறேன். வேறு யாரும் கேட்கவில்லை.

எனக்கு மாவட்டப் பேரிடர் அலுவலகத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. ஜோக்ஜா நகரத்தில் படித்தேன். பல வருடம் ஒப்பந்த ஊழியன், இப்போது நிரந்தரம். எங்கள் மலை வெடிக்காத வருடங்களிலும் ஆளைக் கொல்லும். உச்சியில் மழை பெய்தால் பழைய சாம்பலும் பாறையும் தண்ணீரோடு சேர்ந்து சோவாங் ஆற்றில் இறங்கிவரும். கீழே வெயிலடித்துக்கொண்டிருக்கும், படுகையில் மணல் அள்ளுகிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. அதற்காகத்தான் மேலே பாலத்தில் நீர்மட்டம் அளக்கும் கருவி வைத்திருக்கிறார்கள். மட்டம் இரண்டு மீட்டரைத் தாண்டினால் எங்கள் சர்வர் படுகையில் சைரனை ஒலிக்கவிடும், எல்லோருடைய கைபேசிக்கும் செய்தி அனுப்பும். அதன்பின் வெள்ளம் கீழே வந்து சேர, ஒரு காப்பியை நிதானமாகக் குடித்து முடிக்கிற நேரம் ஆகும். கரையேற அது போதும்.

என் மனைவி வினார்சி அந்தப் படுகையில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தாள். நான்கு மூங்கில், ஒரு நீலத் தார்ப்பாய், எண்ணெய்ச் சட்டி. எனக்கு அது பிடிக்கவில்லை.

“எனக்கு நிரந்தரம் ஆகட்டும், அப்புறம் நீ ஆத்துக்குப் போகவே வேண்டாம்” என்பேன்.

“ஆமா, உங்க ஆபீஸ் நிரந்தரம் பண்ணி முடிக்கறதுக்குள்ள அந்த மலையே கரைஞ்சு மணலாயிடும் மாஸ்” என்பாள். அண்ணனையும் கணவனையும் எங்கள் ஊரில் மாஸ் என்போம், பெரியவர்களைப் பாக் என்போம்.

சர்வர் பழையது, அதில் இருந்த லினக்ஸும் பழையது. எச்சரிக்கை நிரல் ஓடிய பிஎச்பி என்ற கணினி மொழியின் பதிப்புக்கு, அதைச் செய்தவர்களே ஆதரவை நிறுத்திவிட்டார்கள். மாகாணத்திலிருந்து தணிக்கைக்கு வருகிறார்கள், அதற்குள் புதிய பதிப்புக்கு மாற்றிவிடு என்றார் என் மேலதிகாரி பாக் ஹண்டோகோ. “இதை மட்டும் நல்லபடியா முடிச்சுக் குடுப்பா. உன் நிரந்தர ஆர்டர்ல நானே நின்னு கையெழுத்து வாங்கறேன்” என்றார்.

அவ்வளவு பழைய லினக்ஸுக்குப் புதிய பதிப்பு நேரடியாகக் கிடைக்காது. வெளியார் வைத்திருக்கும் மென்பொருள் களஞ்சியம் ஒன்றை இணைத்தேன். பழையதைக் கழற்றிப் புதியதை ஏற்றினேன். நின்றுபோன பகுதிகளைத் திருத்தினேன். நீர்மட்டம் மூன்று மீட்டர் என்று பொய்யாகக் கொடுத்துச் சோதித்தேன். சைரன் ஒலித்தது. உடனே வினார்சி போன் செய்தாள்.

“உங்க சைரனுக்குப் பயந்து பாக் ஜுமேனோ காப்பியை மடியில கொட்டிக்கிட்டார். இன்னொரு காப்பி கேக்கறார். ஆபீஸ் கணக்குல எழுதிக்கவா?”

வேலை முடிந்தது என்று தெரிவித்துவிட்டேன்.

மூன்று என்பது முழு எண். தவறு அங்கேதான்.

நாங்கள் பின்னத்துக்குக் காற்புள்ளி போடுகிறவர்கள். இரண்டரை மீட்டரை 2,5 என்று எழுதுவோம், அப்படியேதான் வாயாலும் சொல்வோம். புள்ளி எங்களுக்கு ஆயிரங்களைப் பிரிப்பதற்கு. மொழியின் பழைய பதிப்பு எங்கள் வழக்கப்படி காற்புள்ளி போட்டுவந்தது. புதிய பதிப்பு உலகம் முழுவதற்கும் ஒரே மாதிரி புள்ளி போடுகிறது. எனக்கு முன்னால் இருந்தவர் எழுதிய வரியோ, எண்ணுக்குள் புள்ளி இருந்தால் முதலில் அதை எடுத்துவிடும். அதனால் இரண்டே சொச்சம் மீட்டர் இருபது சொச்சம் ஆகிவிடும். ஒரு மீட்டருக்குக் குறைந்தால் கருவி வெறும் பூஜ்யம்தான் அனுப்பும், அதனால் சாதாரண நாட்களில் இது வெளியே தெரியவில்லை. அடுத்த வரி, பத்துக்கு மேல் எது வந்தாலும் கருவிப் பழுது என்று ஒதுக்கிவிடும். கருவியில் சிலந்தி வலை கட்டினால் கண்ட எண்ணும் வரும், அதற்காக எழுதியது. நல்ல வரிதான்.

தணிக்கைக்காரர்கள் வந்த அன்று மதியம் உச்சியில் மழை. அவர்கள் பக்கத்து அறையில் பாக் ஹண்டோகோவோடு வறுத்த வாத்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். என் திரையில் கருவிப் பழுது என்று வந்தது. ஒதுக்கப்பட்ட எண் 21. கொஞ்ச நேரத்தில் 24. பார்த்தவுடன் எனக்குப் புரிந்துவிட்டது. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எனக்குப் புரியாமல் போனது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள்.

வாக்கி டாக்கி என் வலது கைப் பக்கம் இருந்தது. பொத்தானை அழுத்தி, மேலே ஏறுங்கள் என்று சொன்னால், மணல் அள்ளுகிறவர்கள் வைத்திருக்கும் வாக்கி டாக்கிகளில் படுகை முழுக்கக் கேட்கும். பாக் ஹண்டோகோவின் இடுப்பிலும் ஒன்று இருந்தது, அதிலும் கேட்கும். சர்வர் சொல்லாததை நீ ஏன் சொல்கிறாய் என்று தணிக்கைக்காரர்கள் கேட்பார்கள். திருத்த வேண்டியதோ ஒரே ஒரு வரி. அதைத் திருத்திவிட்டால் சைரனே சொல்லிவிடும், யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை. சீக்கிரம் முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். நியாயமான கணக்கு. அவளை அந்தப் படுகையிலிருந்து ஒரேயடியாக மேலே கொண்டுவர, அந்த நிரந்தர வேலையை விட்டால் எனக்கு வேறு வழி இருக்கவில்லை.

அந்த வரி ஒரு இடத்தில் மட்டும் இல்லை, மூன்று கோப்புகளில் இருந்தது. இரண்டாவதைத் தேடிக்கொண்டிருந்தபோது வினார்சி அழைத்தாள். திரையில் அப்போது 27. பேசி முடித்தேன். இரண்டாவதைத் திருத்தினேன், மூன்றாவதையும் திருத்திச் சேமித்தேன். சைரன் ஒலித்தது.

“பாத்தீங்களா பாக், எப்படி வேலை செய்யுதுன்னு” என்று பக்கத்து அறையில் பாக் ஹண்டோகோ சொன்னார். யாரோ கை தட்டினார்கள். அந்த நேரத்தில் படுகையில் அதைக் கேட்க ஆள் இல்லை. என் மனைவியோடு சேர்த்துப் பதினொரு பேர்.

விசாரணை நடந்தது. சைரன் ஒலித்திருக்கிறது, செய்தி போயிருக்கிறது, எச்சரிக்கை கிடைத்தும் மக்கள் கரையேறவில்லை என்று முடித்துவிட்டார்கள். நான் எதையும் அழிக்கவில்லை. அழிக்கவேண்டிய தேவையே வரவில்லை.

வினார்சிக்காக நாற்பதாம் நாள் துஆ ஓதி முடித்து எல்லோரும் எழுந்தபோது பாக் ஹண்டோகோவைத் தனியாக அழைத்துச் சொன்னேன். வரி, புள்ளி, வாக்கி டாக்கி, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என் தோளில் கை வைத்தார். “துக்கத்துல பேசறேப்பா. பொண்டாட்டியைப் பறிகொடுத்தவன் எல்லாம் தன்னாலதான் போனான்னு சொல்லுவான். போய்ப் படு” என்றார். அந்த வாரமே நிரந்தர ஆணை வந்தது. பாக் ஜுமேனோவின் மனைவியிடம் பாதிதான் சொல்ல முடிந்தது. “நீங்களுந்தானே மாஸ் பறிகொடுத்துட்டு நிக்கறீங்க. ஒருவேளையாவது ஒழுங்காச் சாப்பிடுங்க” என்று சொல்லி அழுதார். மறுநாளும் வாசல் கம்பியில் பொட்டலம் தொங்கியது. நான் சொல்வதை யாரும் வாங்கிக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள். எங்கே கொண்டுபோய் இறக்கிவைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த அழைப்பில் என்ன பேசினோம் என்று கேட்டீர்கள்.

“மாஸ், மேல கன்னங்கரேல்னு கிடக்கு. பாக் ஜுமேனோ கரையேறிடலாங்கறார், மண்வெட்டியைத் தோள்ல போட்டுட்டார். அவர் பின்னாலேயே எல்லாரும் நடக்கறாங்க. உங்களுக்கு ஏதாவது வந்துச்சா?” என்று கேட்டாள்.

நான் அவளிடம் பொய் சொல்லவில்லை. “சைரன் அடிச்சுச்சா? செய்தி வந்துச்சா?” என்று கேட்டேன். இல்லை என்றாள். “வெள்ளம் வந்தா அதுவே சொல்லுமே” என்றேன். ஏற வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. சைரன் இல்லாமல் அவர்கள் ஏறி, பிறகு வெள்ளமும் வந்திருந்தால், அது ஏன் ஒலிக்கவில்லை என்ற கேள்வி அன்றைக்கே வந்திருக்கும். அவ்வளவுதான் நான் யோசித்தது. இன்னும் இரண்டு கோப்புகள் மிச்சம் இருந்தன.

கடைசியாக என்னை நேரத்துக்குச் சாப்பிடச் சொன்னாள் என்று அவள் அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். அவள் உண்மையில் சொன்னது இது:

“அப்போ சரி மாஸ். கிளம்பினவங்களையெல்லாம் கூப்பிட்டு உக்கார வைக்கறேன். எங்க வீட்டுக்காரரே சொல்லிட்டார்னு சொல்றேன்.”